மஞ்சள் தடவிய லைலாக்

லோஞ்சிக் கைலியை ஏற்றிச் செருகிக்கொண்டு, வேலியோரம் இன்னமும் குனிந்து நிற்பதாகவே என் கண்ணுக்குத் தெரிகிற சரசு அக்காவுக்கு,

மழை பிடித்துவிட்டது. உன் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தெருமுனையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பஸ் இந்தப் பக்கம் வராமல் பெரிய சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். நீ இருந்தால் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துவிட்டு, "கால அலம்பிட்டு உள்ள வா" என்று அதட்டியிருப்பாய். அதட்ட ஆளில்லை. நானே போய் அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

இந்த வீட்டில் இதைப் படிக்க இப்போது யாரும் இல்லை, அக்கா. அத்தானுக்குத் தமிழ் காதில் விழுந்து வந்த தமிழ், எழுத்து தெரியாது. நீலாவுக்கு நீ தாம்பாளத்து அரிசியில் எழுதிக் காட்டிய 'அ'னாவைத் தாண்டி ஒன்றும் நிற்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க நீயும் நானும்தான் இருந்தோம். நீ போன பிறகு நான் எதை எழுதினாலும் எனக்கு நானே எழுதிக்கொள்வது போல ஆகிவிட்டது. அதனால் இதைக் கோயிலில் வருஷா வருஷம் அச்சடிக்கிற மலரில் போடக் கொடுக்கப் போகிறேன். உன் முதல் திதி வருகிறதே, தமிழ் தெரிந்த நாலு பேராவது படிக்கட்டும்.

அந்த நாலு பேருக்காக ஒரு வார்த்தை. அடையாள அட்டையில் உன் பெயர் டோ சான் சான். சரசு என்று கூப்பிடக் கடைசியில் நான் ஒருத்திதான் மிஞ்சியிருந்தேன். உன் வீட்டுக்காரர் பர்மியர், ஊருக்குக் கோ மிண்ட், எனக்கு அத்தான். போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் ஒரே பெண் நீலா, பனி பெய்கிற தேசத்தில் இருக்கிறாள். நான் ரங்கூன் லான்மடாக் கடைத்தெருவில் பொத்தானும் ஜிப்பும் நூல்கண்டும் விற்கிறவள், கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாதவள். இவ்வளவுதான் நம் குடும்பம். இதில் நீ போனதும் பாதி வீடு காலியானது மாதிரி இருக்கிறது.

சரி, லைலாக் விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டுக்கொண்டே போனது அதைத்தானே?

நீலா போன புதிதில் ஒரு படம் அனுப்பினாள், ஞாபகம் இருக்கிறதா? புதர் ஒன்றின் ஓரமாக நிற்கிறாள். தலைக்கு மேலே இளம் ஊதாவில் கொத்துக் கொத்தாகப் பூ. இதற்கு லைலாக் என்று பெயர், மல்லிகை மாதிரி வாசனை, கண்ணை மூடினால் நம் வீட்டு வேலிதான் அம்மா, என்று பேசியும் அனுப்பியிருந்தாள். நீ அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். மல்லிகை மாதிரி வாசனை என்றால் மல்லிகைக்குச் சொந்தம், சொந்தமென்றால் நம் வேலியிலும் வளரும். உன் கணக்கு எப்போதும் இப்படித்தான். சொந்தம் என்று ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், மீதியை நீயே கட்டிவிடுவாய்.

அத்தான் அந்த வருஷம் உறவில் ஒரு பிள்ளைக்குத் துறவறச் சடங்கு என்று மலை ஊரான பியின் ஊ ல்வின் போனார். நம் ஆட்கள் வாயில் அது இன்னமும் மேமியோதான். திரும்பி வரும்போது ஈரச் சாக்கில் சுற்றிய மூன்று லைலாக் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். மலைக் குளிரில் வளர்ந்த செடி, ரங்கூன் வெயிலில் என்ன ஆகுமோ என்று அவருக்கே சந்தேகம். நீ அதை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மல்லிகை வரிசையின் கடைசியில் மூன்றையும் நட்டுவிட்டு, உச்சி வெயில் படாமல் ஒரு பழைய பாயைத் தூக்கிக் கட்டினாய்.

உனக்குக் கை ராசி என்று தெரு முழுக்கப் பேச்சு. மிளகாய் நாற்று ஊன்றக்கூட உன்னைக் கூப்பிடுவார்கள். அந்தத் திமிரில்தான் என்னிடம் ரகசியமாகச் சொன்னாய், இது பூத்தால் நீலா வந்துவிடுவாள் என்று. நான் சிரித்தேன். பூவுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை.

மாடு வைத்திருக்கிறவர்களுக்கு மாட்டுப் பொங்கல். உன் வீடு இருக்கிற தின்கன்ஜூன் பக்கம் மாட்டுக்கு எங்கே போவது? நம் வீட்டில் மாட்டுப் பொங்கல் செடிகளுக்கு என்று நீயாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தாய். அன்று காலையில் தலைக்குக் குளித்து, செடி வெட்டுகிற கத்தரிக்குக் குங்குமம் வைத்து, வேலி மல்லிகை முழுவதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்ப்பாய். இருக்கிற இலையையும் உருவிவிடுவாய். பிறகு வெட்டின முனை ஒவ்வொன்றிலும் அரைத்த மஞ்சளைத் தொட்டு வைப்பாய், பிள்ளைக்குக் காயத்தில் மருந்து போடுகிற மாதிரி. கடைசியில் தூருக்குத் தூர் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல். எறும்புக்குத்தான் கொண்டாட்டம் என்று நான் கேலி பண்ணுவேன்.

மல்லிகைக்கு அது ஒத்துக்கொண்டது. வெட்ட வெட்டத்தான் அது புதுக்கிளை விடும், புதுக்கிளையில்தான் பூக்கும். பங்குனியில் உன் வேலி வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். கோயிலுக்குக் கொடுத்தது போக, பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்கள் கொண்டையில் வைத்தது போக, என் கடைக்கும் ஒரு பொட்டலம் வரும்.

லைலாக்குக்கும் அதே மரியாதை செய்தாய். சொந்தக்காரப் பிள்ளைகளுக்குள் ஓரவஞ்சனை கூடாது என்பாய். முதல் வருஷம் கன்றாயிற்றே என்று நுனியை மட்டும் கிள்ளினாய். அடுத்த மாட்டுப் பொங்கலிலிருந்து மல்லிகைக்கு ஆனது அதற்கும் ஆயிற்று. வெட்டு, மஞ்சள், பொங்கல், கும்பிடு. நீ வெட்டிக்கொண்டே போவாய். நான் தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

செடி நன்றாகத்தான் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டது. பூ மட்டும் இல்லை. மீன் கழுவின தண்ணீர் ஊற்றினாய், அடுப்புச் சாம்பல் போட்டாய், முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாய். குளிர் போதவில்லை என்று நீலா எதற்கோ சொல்லப்போக, மார்கழி முழுக்க அத்தானைப் போட்டாதாங் துறைக்கு விரட்டி, மீன்காரர்களிடம் ஐஸ் கட்டி வாங்கிவரச் செய்து தூரைச் சுற்றிக் குவித்தாய். மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிற ஊரில் மனிதருக்கே ஐஸ் தண்ணீர் கிடைப்பதில்லை, கோ மிண்ட் வீட்டுச் செடிக்குக் கிடைக்கிறது என்று தெருவில் சிரித்தார்கள். அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே மறுநாளும் போய் வாங்கி வந்தார்.

போன வருஷம் பங்குனியில் உன் வயிறு வீங்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்து படுத்த நாட்களில் நாற்காலியோடு உன்னைத் தூக்கி வேலியோரம் வைக்கச் சொல்வாய். கிளையைக் கிட்டே இழுத்து நுனி நுனியாகப் பார்ப்பாய். ஒன்றும் இருக்காது. ஒருநாள் கிளையை விட்டுவிட்டுச் சொன்னாய்: "எங் கை ராசி அவ்வளவுதான்டி, பாக்கியம். இதுக்கு என்னைப் பிடிக்கல."

ஆடி மாசம் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கேயே நீ போய்விட்டாய். நீலா வரவில்லை. விசா இருக்கிற நிலையில் வந்தால் திரும்பிப் போக முடியாது, வராவிட்டால் அம்மாவைப் பார்க்க முடியாது என்று அந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் இடிபட்டாள். அத்தான்தான் வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். போன் திரையில் உன் முகத்தைக் காட்டினோம். பாதியில் தொடர்பு அறுந்துவிட்டது. இதை எல்லாம் உனக்கு எதற்குச் சொல்கிறேன்? நீ அங்கேதானே படுத்திருந்தாய்.

கார்த்திகையில் ஒருநாள் நீலா என் கடைக்குப் போன் பண்ணினாள். உன் படத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று, பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, லைலாக் கிளை ஒன்றை ஒடிக்கப் போயிருக்கிறாள். அவள் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா ஓடிவந்து தடுத்திருக்கிறார். பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இலை உதிர்ந்த மொட்டைக் கிளையின் நுனியில் தடித்த மொட்டுக்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தனவாம்.

"சின்னம்மா, இங்க பனிக்காலத்துல அதை யாரும் தொட மாட்டாங்களாம். போன வெயில்லயே அடுத்த பூவ நுனியில வச்சிரும். இப்ப வெட்டினா பூவத்தான் வெட்டுறோம். அம்மா வருஷா வருஷம் வெட்டினது அதைத்தான்."

அழுகை வந்ததும் அவளுக்குத் தமிழ் போய்விட்டது. மீதியைப் பர்மியில் சொன்னாள். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர் தாங்க மாட்டார் என்றாள். நான் கடையைப் பாதியிலேயே அடைத்துவிட்டேன். வெட்டாமல் விட்டிருந்தால் இந்த ஊர்ச் சூட்டில் பூத்திருக்குமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பூக்காமலும் போயிருக்கலாம். ஆனால் நீ ஒரு தடவைகூட அதற்கு வழி விடவில்லையே அக்கா. மஞ்சள் பூசி, கும்பிட்டு, பூவை எல்லாம் நீயே வெட்டிப் போட்டுவிட்டு, செடிக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று போய்ச் சேர்ந்தாயே.

அந்த வருத்தத்தோடு இன்னொரு பயமும் வந்தது. தை பிறக்கப் போகிறது. அத்தான் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

நீ போன பிறகு அவர் எதையும் செய்யாமல்தான் இருந்தார். சவரம் செய்துகொள்வதில்லை. நாள் முழுக்க வெறுமனே உட்கார்ந்திருப்பார். மாட்டுப் பொங்கலன்று நான் வந்தால், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கத்தரியைத் தீட்டிக் குங்குமம் வைத்துத் தயாராக நிற்கிறார். அம்மியில் அவரே மஞ்சள் அரைத்திருக்கிறார். தண்ணீர் கூடிப்போய் ஓடுகிறது. சான் சான் செய்தது ஒன்று விடாமல் நடக்கணும் என்று சொன்னார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல். வெட்டாதீர்கள், வெட்டினதால்தான் பூக்கவில்லை, உங்கள் பெண்டாட்டி கையால்தான் அவளுக்குப் பூ இல்லாமல் போனது என்று அந்த மனிதரிடம் சொல்வதா? சொல்லாமல், இந்த வருஷத்துப் பூவையும் என் கண் முன்னால் வெட்ட விடுவதா? பூவைக் காப்பாற்றினால் அவர் நொறுங்கிப் போவார். அவரைக் காப்பாற்றினால் பூ போகும். அம்மியில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இந்த வருஷம் மல்லிகையை மட்டும் வெட்டுங்கள், லைலாக்கை விட்டுவிடுங்கள் என்று அக்கா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுப் போனாள் என்றேன்.

"ஹோக்லா?" என்றார். அப்படியா என்று அவர் கேட்கிற கேள்வி. எப்போது சொன்னாள் என்று கேட்டார். அவர் உன் கட்டிலை விட்டு நகர்ந்ததே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தீர்களே, அப்போது என்றேன். பொய்க்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, அகப்பட்டது அதுதான். அவர் கத்தரியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் லைலாக் பக்கம் திரும்பாமல் மல்லிகைக்குப் போனார்.

அன்றைக்கு நான் படியில் உட்காரவில்லை. ஒரு கிளையை அவர் தனியாக வெட்டப் பார்த்தார், அது கையை விட்டு எகிறி முகத்தில் அடித்தது. ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் வெட்ட முடியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பிடித்தேன், அவர் வெட்டினார். மஞ்சளை முனைக்கு முனை அவரே தொட்டு வைத்தார்.

பங்குனி வெயிலில் அத்தான் போன் பண்ணினார். வா என்று மட்டும் சொன்னார். மதிலை ஒட்டி நிற்கிற மூன்றாவது செடியில், ஒரே ஒரு கிளை நுனியில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கொத்து. பெரும்பாலான மொட்டு வெயிலில் காய்ந்து பழுப்பாகிவிட்டது. நாலைந்துதான் விரிந்திருந்தன. நிறம்கூட ஊதா என்று சொல்ல முடியாது, துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி. கிட்டே போய் முகர்ந்தேன். நீலா சொன்னது சரிதான் அக்கா, மல்லிகைக்குச் சொந்தம்தான்.

மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை. வழக்கமான இலைதான்.

பூத்துவிட்டது, நீலா வரவில்லை. வெயிலில் நின்று தலை சுற்றியது, முனைக் கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் அத்தான் என்றேன். வேண்டாம், டீயை விட்டுவிட்டேன் என்றார். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் தூங்கி எழுந்து ஒன்று என்று டீயிலேயே வாழ்ந்த மனிதர். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு டீக்கு நான் போகாம இருந்தா, எங்கிட்ட சொல்லியிருப்பா," என்றார். "கடைசிப் பேச்சு. எனக்குக் கெடைக்கல."

தை மாசத்திலிருந்து அந்த மனிதர் ஒரு சொட்டு டீ குடிக்கவில்லை, அக்கா. என் பொய் அவர் தொண்டையில் போய் உட்கார்ந்திருந்தது. அவரை ஒரு வருத்தத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, நடக்காத ஒன்றுக்காக இத்தனை நாள் வாடவிட்டிருக்கிறேன். கோபமும் வந்தது எனக்கு; அவர் மேல் இல்லை, நீலா மேல் இல்லை, உன் மேல்தான். எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா நீ? அவருக்கு என்று ஒரு வார்த்தை?

சொல்லிவிட்டேன். வேலியோரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஒன்றும் சொல்லவில்லை என்றும், உனக்குக் கடைசிவரை தெரியாது என்றும், மாட்டுப் பொங்கலுக்கு வெட்டினதுதான் காரணம் என்றும், நான் சொன்னது பொய் என்றும். தமிழில் ஆரம்பித்து, அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாதே என்று பர்மியில் இன்னொரு தடவை சொன்னேன். இரண்டு மொழியிலும் அது ஒரே மாதிரி கொடூரமாகத்தான் இருந்தது.

நீலாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்க் கத்தரியை எடுத்து வந்தார். அந்தக் கொத்தைக் காம்போடு வெட்டி, சின்னக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டு, உன் படத்துக்கு முன்னால் வைத்தார். மேலே புத்தர் மாடத்தில் பூஜைக்கு வைக்கிற பச்சைத் தபியே இலை, கீழே உன் படம், அதன் முன்னால் வெளுத்துப்போன நாலு பூ. பூத்து முடிந்த பிறகு வெட்டுவதுதான் அந்தச் செடிக்குச் சரியான வெட்டு என்று நீலா பிறகு சொன்னாள். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. சாயங்காலத்துக்குள் பூ தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

அவர் அன்று என்னோடு மேற்கொண்டு பேசவில்லை. போய்வருகிறேன் என்று சொன்னபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. பர்மியப் புத்தாண்டு திஞ்சான் வந்து, தெருத் தெருவாகத் தண்ணீர் ஊற்றி ஆடி முடிந்தது. எனக்கு அவரிடமிருந்து போன் இல்லை. நானாகப் பண்ணவும் தைரியம் வரவில்லை. கடையில் பொத்தானை நிறம் மாற்றிக் கொடுத்து இரண்டு வாடிக்கைக்காரர்களிடம் பேச்சு வாங்கினேன். உன்னை இழந்தது போதாதென்று உன் வீட்டையும் இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அக்கா போன பிறகு அத்தான் என்ற உறவு எதில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சொல்.

நேற்று அவராகக் கூப்பிட்டார். திதிக்கு என்ன சமைப்பது, பிக்குகளுக்கு எத்தனை மணிக்கு அன்னம் கொடுப்பது, இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாமா, வந்து பேசு என்றார். வந்திருக்கிறேன். முதல் செடி செத்துவிட்டது. வேரில் தண்ணீர் நின்று அழுகியிருக்கிறது, பிடுங்கிப் போடாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். இரண்டாவதில் இலை முழுக்க மாவு பூசின மாதிரி பூசணம். மூன்றாவது நிற்கிறது. அதுவும் இந்த மழையைத் தாண்டுமா என்று தெரியாது. உனக்கு நல்ல சேதியாக ஏதாவது சொல்லலாம் என்று தேடிப் பார்க்கிறேன், மல்லிகை நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அத்தான் வெளியே வந்தார். கையில் பிளாஸ்க், இரண்டு கோப்பை. எனக்கு ஊற்றினார். தனக்கும் ஊற்றிக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்க்காத மாதிரி ஒரு வாய் குடித்தார். பால் ஜாஸ்தி என்று முணுமுணுத்தார். மழையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் குடித்து முடித்தோம்.

என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன். படி என்றார். ஒளிப்பதற்கு இனிமேல் என்ன இருக்கிறது? சரசு அக்காவுக்கு என்று தொடங்கி, பொய் சொன்னது வரை, டீ வரை, நான் உன் மேல் கோபப்பட்டது வரை படித்தேன். புரியாத இடத்தில் கையைத் தூக்குவார், நிறுத்திப் பர்மியில் சொல்வேன். நீ வெட்டின இடம் வந்தபோது, அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். நீ வெட்டிக்கொண்டே போவாய் என்று படித்தேன்.

"ஒண்ணு விட்டுட்ட," என்றார்.

எதை என்று கேட்டேன்.

"அவ மட்டும் வெட்டல. கெளைய நான் புடிச்சேன். ஒவ்வொரு வருஷமும் நாந்தான் புடிச்சேன். அதையும் எழுது."

நான் படியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டு உன்னை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உனக்கு எதிரே இன்னொரு ஜோடிக் கை இருந்தது என் கண்ணில் படவே இல்லை. எழுதினாயா என்று அவர் மறுபடியும் கேட்டார். இந்த இடத்தில்தான் என்று விரலை வைத்துக் காட்டினேன். அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எழுதிவிட்டேன், அக்கா. உன் வாயில் இனிமேல் ஒரு வார்த்தைகூட நானாக வைக்க மாட்டேன். தை பிறந்தால் மல்லிகையை மட்டும் வெட்டுவோம், அவர் வெட்டட்டும், நான் பிடித்துக்கொள்கிறேன். லைலாக்கில் அதுவரை ஒரு கிளையாவது மிஞ்சியிருந்தால், வெட்டாத நுனியிலேயே மஞ்சளைத் தொட்டு வைப்போம். நீலா என்றைக்காவது இந்த வாசலுக்கு வந்தால், கால் அலம்பத் தண்ணீர் வைத்து, அவளை உட்கார வைத்து, அவள் அப்பா எழுதச் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் முதலில் படித்துக் காட்டுவேன்.

அதட்ட ஆளில்லாமல் கால் அலம்பிக்கொள்ளப் பழகிவருகிற,
உன் தங்கச்சி
பாக்கியம்